மெதுவான படகு வேகம் பிடித்த கதை

மார்சிலிங் வட்டாரத்தில் வளரும் பிள்ளைகளுக்கு ஜோகூர் நீரிணை அன்றாடக் காட்சி. கடற்பாலத்தில் ஊர்ந்து செல்லும் லாரிகளையும் அக்கரையில் ஜோகூர் பாருவின் உயரமான கட்டடங்களையும் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். 1924ல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட அந்தக் கடற்பாலம் நீரிணையை இரண்டாகப் பிரித்துவிட்டது. தொடக்கத்தில் சிறு படகுகள் கடந்து செல்ல அதில் கதவு வைத்த நீர்வழி ஒன்று இருந்தது. 1942ல் போரின்போது தகர்க்கப்பட்டபின் அதை மீண்டும் கட்டவில்லை.

பாலத்துக்குக் கிழக்கே, மார்சிலிங்கிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்குள், இதே நீரிணையின் மலேசியக் கரையில் பாசிர் கூடாங் இருக்கிறது. எண்ணெய்க் கிடங்குகளுக்கும் துறைமுகத்துக்கும் பேர்போன ஊர். அங்குள்ள ஒரு பட்டறையில்தான் உலகின் செல்வந்தர்கள் சிலர் வாங்கும் கிராண்ட் பேங்க்ஸ், பாம் பீச் உல்லாசப் படகுகள் உருவாகின்றன. நம் வீட்டுக்குப் பக்கத்தில் செய்யப்பட்டு, பெரும்பாலும் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்ச் சேரும் பொருள் அது.

விலையைக் கேட்டால் நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று தோன்றும். ஆனால் அந்தப் படகு எப்படி உருவாகிறது என்று பார்த்தால், உயர்நிலைப் பள்ளி இயற்பியல் பாடத்தில் பாதி அதற்குள் ஒளிந்திருப்பது தெரியும்.

எட்டு கடல்மைல் என்ற சுவர்

கிராண்ட் பேங்க்ஸின் தாய் நிறுவனம் 1956ல் ஹாங்காங்கில் அமெரிக்கன் மரீன் என்ற பெயரில் தொடங்கியது. 1960களின் முற்பகுதியில் அது 36 அடி நீளத்தில் ஒரு மரப்படகைச் செய்தது. மீன்பிடிப் படகின் சாயல், தேக்கு மர உள்வேலைப்பாடு, குடும்பத்தோடு வாரக்கணக்கில் தங்கும் வசதி. அந்தப் படகு பெரும்புகழ் பெற்றது. பிறகு நிறுவனம் சிங்கப்பூரிலும் ஒரு பட்டறை திறந்தது. 1970களில் மரத்திலிருந்து கண்ணாடியிழைக்கு மாறியது. காலப்போக்கில் கட்டுமானம் முழுவதும் பாசிர் கூடாங்குக்கு நகர்ந்தது. படகுப் பட்டறைக்கு நிறைய இடமும் நிறைய கைகளும் வேண்டும். இரண்டுமே சிங்கப்பூரில் விலை அதிகம்.

அந்தப் பழைய 36 அடிப் படகு மணிக்கு ஏறத்தாழ 8 கடல்மைல் வேகத்தில்தான் போகும். ஒரு கடல்மைல் என்பது 1.852 கிலோமீட்டர். ஆக, மணிக்கு 15 கிலோமீட்டர். கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் மிதிவண்டி ஓட்டுபவர் அதை முந்திவிடுவார். இயந்திரத்தின் திறனை இரட்டிப்பாக்கினாலும் பெரிய மாற்றம் வராது. ஏன்?

நீரில் செல்லும் எந்தப் படகும் தன் முன்பக்கத்தில் ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடும. அலையின் நீளம் படகின் நீளத்துக்குச் சமமாகும்போது படகின் முன்பக்கம் ஒரு முகட்டிலும் பின்பக்கம் அடுத்த முகட்டிலும் உட்கார்ந்துவிடும். அதற்குமேல் வேகம் எடுத்தால் பின்பக்கம் பள்ளத்தில் இறங்க, படகு தானே உண்டாக்கிய அலையின்மேல் மலையேறுவதுபோல் ஏறவேண்டிவரும். எரிபொருள் கரையுமே தவிர வேகம் கூடாது.

இதற்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்குங்கள். 35 அடி என்றால் வர்க்கமூலம் 5.92, விடை 7.9 கடல்மைல். பழைய கிராண்ட் பேங்க்ஸின் வேகம் அதுவேதான். அதே கணக்கை 300 மீட்டர் நீளமுள்ள கொள்கலன் கப்பலுக்குப் போட்டால் 42 கடல்மைல் வரும். துவாஸ் துறைமுகத்துக்கு 20 கடல்மைல் வேகத்தில் வரும் ராட்சதக் கப்பல், அதன் அளவோடு ஒப்பிட்டால், சாவகாசமாக நடந்து வருகிறது. 16 மீட்டர் படகு அதே 20 கடல்மைல் வேகத்தில் போனால் அது மூச்சிரைக்க ஓடுகிறது. இந்த உண்மையை அளந்து சொன்னவர் வில்லியம் ஃபுரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1870களில் இங்கிலாந்தின் டார்க்கி நகரில் நீண்ட தண்ணீர்த் தொட்டி ஒன்றைக் கட்டி, மாதிரிப் படகுகளை இழுத்து ஓட்டிச் சோதித்தார்.

தண்ணீரைப் பிளப்பதா, அதன்மேல் ஏறுவதா?

சுவரைத் தாண்டச் சிறு படகுக்கு ஒரு வழி உண்டு. தண்ணீரைப் பிளந்துகொண்டு போவதை விட்டு, அதன்மேல் ஏறிச் சறுக்குவது. குளத்தில் தட்டையான கல்லை எறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, ஏறக்குறைய அந்த வித்தை. அடிப்பாகம் தட்டையாக இருந்து போதிய உந்துவிசையும் கிடைத்தால், குறிப்பிட்ட வேகத்தில் நீரின் அழுத்தமே படகைத் தூக்கிவிடும்.

சிக்கல் என்னவென்றால், தட்டையான அடிப்பாகம் அமைதியான ஏரியில் மட்டுமே சுகம். கடலில் அலை வந்தால் ஒவ்வொரு முறையும் 'தொம்'மென்று அறையும். 40 கடல்மைல் என்பது நொடிக்கு 20 மீட்டருக்கும் அதிகம். அந்த வேகத்தில் தண்ணீர் ஏறத்தாழ சிமெண்டுத் தரைபோல் நடந்துகொள்ளும். முதுகெலும்பு தாங்காது, சொகுசும் மிஞ்சாது.

இதற்கு விடை கண்டவர் ரே ஹன்ட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர். அடிப்பாகத்தை முன்னிருந்து பின்வரை ஆழமான 'வி' வடிவில் செதுக்கினார். அலையைக் கத்திபோல் அறுத்துக்கொண்டு போகும் வடிவம் அது. 1960ல் மயாமியிலிருந்து நசாவுவரை நடந்த பந்தயத்தில் 'மோப்பி' என்ற அவரது படகு கொந்தளிக்கும் கடலில் வென்றது. அன்றிலிருந்து வேகப்படகுகளின் அடிப்பாகம் மாறிவிட்டது. காவல்துறைச் சுற்றுக்காவல் படகு முதல் உல்லாசப் படகு வரை இன்று பலவற்றில் அந்த 'வி'யின் வழித்தோன்றலைக் காணலாம்.

ஆனால் இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. ஆழமான 'வி' வடிவைத் தூக்கி நிறுத்த அதிகத் திறன் வேண்டும். நின்றுகொண்டிருக்கும்போது பக்கவாட்டில் அதிகமாக ஆடும்.

பாசிர் கூடாங் படகுகள் நடுவழியைத் தேர்ந்தெடுத்தன. முன்பக்கம், அதாவது மீனவர்கள் சொல்லும் அணியம், அலையை அறுக்கும்படி கூர்மையாக இருக்கிறது. பின்னால் போகப்போகச் சரிவு குறைந்து, அமரம் ஏறக்குறைய தட்டையாகிவிடுகிறது. அடிப்பாகமே ஒரு முறுக்கு முறுக்கியதுபோல் இருக்கும். இந்த வடிவம் கிராண்ட் பேங்க்ஸுக்கு வந்தது 2014ல், ஆஸ்திரேலியாவின் பாம் பீச் நிறுவனத்தை அது வாங்கியபோது. பாம் பீச்சை நிறுவிய மார்க் ரிச்சர்ட்ஸ் பாய்மரப் பந்தய வீரர். சிட்னி-ஹோபர்ட் பந்தயத்தில் பலமுறை முதலில் கரைசேர்ந்த 'வைல்ட் ஓட்ஸ் 11' படகின் தலைவராக இருந்தவர். பாய்மரப் படகோட்டிக்குக் காற்றுதான் எரிபொருள்; தேவையற்ற ஒவ்வொரு கிலோவும் எதிரி. அந்தக் கண்ணோட்டத்தை அவர் இயந்திரப் படகுக்குள் கொண்டுவந்தார். இன்று பாம் பீச்சின் ஜிடி வரிசைப் படகுகள் மணிக்கு 40 கடல்மைலைத் தொடும் என்கிறது நிறுவனம். எட்டு கடல்மைல் படகால் பெயர்பெற்ற பட்டறைக்கு இது சாதாரண மாற்றமன்று.

சலவைக்கல்லின் எடை

வேகப் படகை வடிவமைப்பவர் காலையில் எழுந்ததும் நினைப்பது எடையைத்தான். சொகுசு வேண்டும் என்பவர் கேட்பதெல்லாம் எடைதான். குளிரூட்டி, இரண்டு படுக்கையறை, குளியலறை, சமையலறை, நல்ல தண்ணீர்த் தொட்டி, அகலமான கண்ணாடிச் சன்னல். சண்டை இங்கேதான் தொடங்குகிறது.

சமையல் மேடைக்குச் சலவைக்கல் வேண்டும் என்று வாடிக்கையாளர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் போடும் 20 மில்லிமீட்டர் கல் சதுர மீட்டருக்கு 54 கிலோ. படகில் அதையே 5 மில்லிமீட்டருக்குச் சீவி, தேன்கூடு அமைப்புள்ள அலுமினியப் பலகைமேல் ஒட்டுகிறார்கள். எடை ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகிவிடும். தட்டிப் பார்க்காதவரை வித்தியாசம் தெரியாது. தேக்கும் அப்படித்தான்: மெல்லிய தேக்குத் தாள், உள்ளே இலேசான நுரைப்பலகை. கையில் தொடுவது உண்மையான மரம்தான். ஆனால் தாத்தா காலத்துத் தேக்குக் கட்டிலை எண்ணிக்கொள்ள வேண்டாம்.

எடை எவ்வளவு என்பதைப்போலவே எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். மேல்தளமும் கூரையும் கனமானால் ஈர்ப்பு மையம் உயர்ந்து படகு தள்ளாடும். அதனால்தான் இப்படகுகளின் மேற்பகுதி கரிம இழையால் ஆனது. எஃகின் அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறத்தாழ 8 மடங்கு, அலுமினியம் 2.7 மடங்கு, கரிம இழைக் கலவை 1.6 மடங்குதான். டீசல் தொட்டி படகின் நடுவில், கீழே இருக்கும். தொட்டி நிறைந்திருந்தாலும் காலியானாலும் படகு முன்னோ பின்னோ சாயக்கூடாது.

இதில் ஒரே ஒரு விஷயத்தில் இயற்பியல் கருணை காட்டுவதில்லை: சத்தம். ஒலியைத் தடுக்க மிக நம்பகமான வழி கனமான சுவர். எடையைக் குறைத்தால் இயந்திர இரைச்சல் படுக்கையறைக்குள் வந்துவிடும். இயந்திரத்தை ரப்பர் தாங்கிகளில் உட்காரவைப்பது, அறைக்கும் இயந்திரத்துக்கும் இடையே அலமாரிகளை வைப்பது, அடுக்கடுக்கான நுரை என்று ஏதேதோ செய்து சமாளிக்கிறார்கள். வேகப் படகில் உண்மையான சொகுசு என்பது தோல் இருக்கையன்று. 30 கடல்மைல் வேகத்தில் குரலை உயர்த்தாமல் பேச முடிகிறதா என்பதுதான்.

பத்து டன் காற்று

பட்டறைக்குள் நடக்கும் வேலைகளில் பார்க்கவேண்டியது ஒன்று உண்டு. தமிழ்நாட்டுக் கடற்கரைக் கிராமங்களில் 'பைபர் படகு' செய்வதைப் பார்த்தவர்களுக்கு அதன் அடிப்படை தெரிந்திருக்கும். அச்சின்மேல் கண்ணாடியிழைத் துணியை விரித்து, பிசினைத் தூரிகையால் தடவி, உருளையால் அழுத்தி, அடுக்கின்மேல் அடுக்காக ஏற்றுவார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு அப்படி ஆயிரக்கணக்கான படகுகள் உருவாயின. நல்ல முறைதான். ஆனால் கைக்குக் கை பிசினின் அளவு மாறும். தேவைக்கு மேல் ஊறிய பிசின் வெறும் எடை. திறந்த வெளியில் காயும் பிசினிலிருந்து கிளம்பும் ஸ்டைரீன் ஆவி கண்ணையும் மூச்சையும் எரிக்கும். ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசிப்பவர்கள் தொழிலாளர்கள்தாம். படகு வாங்குபவர்கள் அல்லர்.

உயர்தரப் பட்டறைகளில் இன்று வெற்றிடமுறை நடப்பில் இருக்கிறது. இழைத்துணியை உலர்ந்த நிலையிலேயே அச்சில் அடுக்குகிறார்கள். மேலே ஞெகிழித் தாளைப் போர்த்தி ஓரங்களைக் காற்றுப் புகாமல் ஒட்டுகிறார்கள். பிறகு உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். வெளியிலிருக்கும் காற்று சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 10 டன் வீதம் அந்தத் தாளை அழுத்துகிறது. குழாயைத் திறந்ததும் பிசின் தானாக உள்ளே பாய்ந்து இழைகளுக்கிடையே பரவும். தேவையான அளவு பிசின் மட்டுமே தங்கும். படகு இலேசாகவும் உறுதியாகவும் அமையும். ஆவியும் பெரும்பாலும் உறைக்குள்ளேயே அடங்கிவிடும்.

இந்த வேலையை நடுவில் நிறுத்த முடியாது. பிசின் இறுகத் தொடங்கிவிடும். எங்கோ ஓர் ஓரத்தில் ஊசிமுனை அளவு காற்று கசிந்தால் பல மீட்டர் நீளமுள்ள படகுடல் குறைப்பட்டுப் போகலாம். வரைபடம் போட்டவரின் திறமை எவ்வளவு இருந்தாலும், அந்த ஓரத்தை விரலால் தடவி ஒட்டுபவரின் கவனத்தில்தான் படகு நிற்கிறது. படகு விளம்பரங்களில் அவரைப் பார்க்க முடியாது.

விசிறியும் குமிழியும்

உந்துவிசிறி எனப்படும் புரோப்பெல்லரின் கதை இன்னும் பழையது. 1894ல் சார்ல்ஸ் பார்சன்ஸ் 'டர்பினியா' என்ற நீராவிச் சுழலிக் கப்பலைச் செய்தார். எதிர்பார்த்த வேகம் வரவில்லை. விசிறி மிக வேகமாகச் சுழன்றதால் அதன் இலைகளுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்து, தண்ணீர் குளிர்ந்த நிலையிலேயே கொதித்துக் குமிழிகளானது. விசிறி தண்ணீரைத் தள்ளாமல் நுரையைக் கலக்கிக்கொண்டிருந்தது. பார்சன்ஸ் சிறு கண்ணாடித் தொட்டியில் அதை ஆராய்ந்து, ஒரே விசிறிக்குப் பதில் மூன்று தண்டுகளில் ஒன்பது விசிறிகளைப் பொருத்தினார். 1897ல் விக்டோரியா மகாராணியின் வைர விழாக் கடற்படை அணிவகுப்பில் டர்பினியா 34 கடல்மைல் வேகத்தில் போர்க்கப்பல்களுக்கிடையே பாய்ந்தோடியது. துரத்திய படகுகளால் பிடிக்க முடியவில்லை.

அதே குமிழிகள் இன்றும் விசிறிகளைத் தின்கின்றன. அவை வெடிக்கும் இடத்தில் உலோகம் அம்மைத் தழும்புபோல் குழிவிழும். புதிய உல்லாசப் படகுகள் பலவற்றில் விசிறிகள் பின்னோக்கி அல்லாமல் முன்னோக்கிப் பார்த்தபடி, எதிரெதிர்த் திசையில் சுழலும் இரட்டைகளாக இருக்கின்றன. கலங்காத தண்ணீரில் முதலில் விசிறி நுழைவதால் அதன் பிடிப்பு கூடுகிறது. விசிறியோடு சேர்ந்த கூடே திரும்புவதால் சுக்கான் தனியாக வேண்டாம். சிறு நெம்புகோலை அசைத்துப் படகைப் பக்கவாட்டிலும் நகர்த்தலாம்.

இந்த இடத்தில் சிங்கப்பூரின் பங்கைச் சொல்லாமல் போகக்கூடாது. இன்று உலகின் மிகப் பெரிய உல்லாசப் படகுகளைக் கட்டும் ஜெர்மனியின் லூர்சன் நிறுவனம்தான் 1970களில் நம் கடற்படையின் ஏவுகணைப் படகுகளை வடிவமைத்தது. முதல் இரண்டு ஜெர்மனியில் உருவாயின. மற்ற நான்கும் சிங்கப்பூரிலேயே கட்டப்பட்டன. அதே லூர்சன் 2013ல் முடித்த 'அஸாம்' 180 மீட்டர் நீளம். 30 கடல்மைலுக்குமேல் வேகம். போர்ப்படகும் உல்லாசப் படகும் ஒரே கொல்லையில் வளர்ந்த பிள்ளைகள்.

கட்டுமரத்திலிருந்துதான் 'கேட்டமரான்' வந்தது என்று நம்மவர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. பெயர் நம்முடையதுதான். ஆனால் இரட்டை உடல் கொண்ட அந்த வடிவம் பசிபிக் தீவு மக்களின் கைவண்ணம். இரண்டையும் சேர்த்தே சொல்வது நியாயம்.

அலையை யார் தாங்குவது?

வேகப் படகின் மறுபக்கம் அது விட்டுச்செல்லும் அலை. நீரிணையில் மீன்பண்ணைகளும் கேலோங்குகளும் சிறு படகுகளும் இருக்கின்றன. படகோட்டி நல்லெண்ணத்தோடு வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் நிலைமை மோசமாகும் என்பது பலருக்கும் தெரியாது. சறுக்கும் நிலையிலிருந்து இறங்கி, மூக்கைத் தூக்கிக்கொண்டு தவிக்கும் இடைப்பட்ட வேகத்தில்தான் படகு மிகப் பெரிய அலையை எழுப்பும். குறைப்பதென்றால் அந்த எட்டு கடல்மைல் சுவருக்குக் கீழே முழுமையாகக் குறைக்கவேண்டும்.

படகோட்ட விரும்பும் இளையர்களுக்கு ஒரு தகவல்: 24 மீட்டருக்கும் குறைவான இயந்திர உல்லாசப் படகை ஓட்ட, சிங்கப்பூர் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உரிமம் வேண்டும். அதை 16 வயதிலேயே பெறலாம். கார் உரிமத்துக்கு 18 வரை காத்திருக்கவேண்டும். வடிவமைக்க விரும்புபவர்களுக்கு வழி சற்று நீளம். சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரியின் கடல்துறைக் கழகத்தில் பட்டயக் கல்வி உண்டு. சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம் பிரிட்டனின் நியூகாசல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து கப்பல் வடிவமைப்புப் பட்டக்கல்வியை நடத்திவந்துள்ளது. சென்னை ஐஐடியில் கடல்சார் பொறியியலுக்குத் தனித் துறையே இருக்கிறது. உல்லாசப் படகுக்கென்று மட்டும் படிக்கவேண்டியதில்லை. ஃபுரூட்டின் கணக்கு எல்லாப் படகுக்கும் ஒன்றே.

அவர்களுக்காகக் காத்திருக்கும் கணக்கு எரிபொருள். ஆளுக்கு 1,000 குதிரைத்திறன் கொண்ட இரண்டு இயந்திரங்கள் முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு ஏறத்தாழ 370 லிட்டர் டீசல் எரியும். 40 கடல்மைல் வேகத்தில் கிலோமீட்டருக்கு 5 லிட்டர். ஒரு சாதாரண கார் 60 கிலோமீட்டருக்குமேல் ஓடும் எண்ணெய் அது. மின்கலத்துக்கு மாறலாமே என்றால், ஒரு கிலோ டீசலில் 12 கிலோவாட்-மணி ஆற்றல் இருக்கிறது. ஒரு கிலோ மின்கலத் தொகுப்பில் அதிகம் போனால் 0.2. மின்மோட்டாரின் செயல்திறன் அதிகம் என்பதைக் கணக்கில் எடுத்தாலும் ஏறத்தாழ 30 மடங்கு இடைவெளி. சலவைக்கல்லைச் சீவியவர்கள் இப்போது டன் கணக்கில் மின்கலத்தை ஏற்றவேண்டும்.

குறுகிய தூரத்தில் இது ஏற்கெனவே சாத்தியமாகிவிட்டது. 2023ல் புக்கோம் தீவுக்கு ஊழியர்களை ஏற்றிச்செல்ல முழு மின்சாரப் படகுச் சேவை தொடங்கியது. ஸ்டாக்ஹோமில் 2024ல் சேவைக்கு வந்த 30 பேர் படகு, நீருக்கடியில் விமான இறக்கை போன்ற தகடுகளால் தன் உடலையே தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு 25 கடல்மைல் வேகத்தில் பறக்கிறது. சிங்கப்பூரில் 2030 முதல் புதிதாகச் சேவைக்கு வரும் துறைமுகப் படகுகள் மின்சாரத்திலோ, முழு உயிரி எரிபொருளிலோ, கரிம உமிழ்வற்ற எரிபொருளிலோ இயங்கக்கூடியவையாக இருக்கவேண்டும். இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிப்பவர்கள் பட்டயக் கல்வியை முடித்துப் பட்டறைக்குள் நுழையும்போது அந்த விதி அவர்களுக்குமுன் அங்கே இருக்கும்.